சொல்லாம கொள்ளாம ஓர் அடி

இதை எழுதலாமா என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டுவிட்டேன். கேட்காமல் எழுதினால் என்ன நடக்கும் என்பது அவரோடு ஒரு வாரம் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். எதற்கு, யார் படிப்பார்கள் என்று போனில் விசாரித்தார். பிறகு, "எய்திக்கோ நைனா. பேரு மட்டும் போடாத. எப்ப வருதுன்னு முன்னாடியே சொல்லிடு" என்றார். அதனால் இதில் அவருக்குப் பெயர் கிடையாது. நாங்கள் எல்லோரும் கூப்பிட்ட மாதிரி அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கீழே பாட்டில் மூடி செய்யும் கம்பெனி. மேலே நாங்கள் வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். கீழே இருப்பவர்கள் எங்களைப் பார்க்கும் பார்வையிலேயே தெரியும், எங்களை வேலைவெட்டி இல்லாதவர்கள் லிஸ்டில் வைத்திருக்கிறார்கள் என்று. எனக்கு அதில் உருவங்களை நடக்கவும் குதிக்கவும் அடிக்கவும் வைக்கிற அனிமேட்டர் வேலை. கரூரிலிருந்து வந்து சென்னீர்குப்பத்தில் ஒரு ஃப்ளாட்டில் இன்னும் இரண்டு பேரோடு குடியிருந்தேன். அக்கா டெஸ்டர். மற்ற கம்பெனிகள் அனுப்பும் கேரம், சீட்டு, மிட்டாய் உடைக்கிற போன் ஆட்டங்களை நாள் முழுக்க ஆடிப்பார்த்துக் குறை சொல்வார். ஆபீஸ் வாடகை அந்த வருமானத்தில்தான் போனது.

அவர் நசரத்பேட்டைக்காரர். மாமனார் வீட்டில் ஒரு காலத்தில் நெல் போட்ட இடத்தில் இப்போது லாரி நிறுத்துகிறார்கள். அதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்கு வருத்தமும் கோபமும் வருவது ஒரே ஒரு விஷயத்துக்கு. உலகத்தில் எது வேண்டுமானாலும் நடக்கட்டும், சொல்லாமல் கொள்ளாமல் நடக்கக் கூடாது.

மற்றவர்களிடம் எதிர்பார்ப்பதைத் தானும் செய்வார். ஃபேனை நிறுத்துவதற்கு முன்னால் "நிறுத்தறேன்" என்று அறிவிப்பார். தும்மல் வரும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டே ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார், பக்கத்திலிருப்பவர்கள் தயாராகிக்கொள்ளலாம். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் முதல் நாள் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் கிளம்பிவிட்டான். அக்கா படி இறங்கிப் போய் வாசலில் பிடித்து மேலே கூட்டி வந்தார். "போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போ. இல்லாங்காட்டி நீ இருக்கியா பூட்டியான்னு நாங்க தேடிகினு கிடக்கணுமா?" என்றார். அவன் எல்லா மேஜைக்கும் போய்ச் சொல்லிவிட்டு இறங்கினான். மறுநாளிலிருந்து அவன் சாப்பிடப் போகும்போதுகூடச் சொல்ல ஆரம்பித்தது வேறு தொல்லை.

கரண்ட் விஷயத்தில் அவர் நியாயம் இன்னும் விசித்திரம். பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மத்தியானம் வரை மின்சாரம் இருக்காது என்று முதல் நாளே அறிவிப்பு வந்தால் அக்காவுக்கு அது ஒரு நல்ல நாள். வேர்த்து வழிந்துகொண்டு, விசிறிக்குப் பதிலாக ஒரு அட்டையை ஆட்டியபடி, "சொல்ட்டாங்க இல்ல? அப்புறம் இன்னா?" என்று எங்களைச் சமாதானப்படுத்துவார். சொல்லாமல் பத்து நிமிஷம் போனால் மின்வாரியத்துக்குப் போன் அடித்து, "ஏன் போச்சுன்னு கேக்கல சார். ஏன் சொல்லலன்னு கேக்கறேன்" என்பார்.

ஒருமுறை விவரம் தெரியாமல் நாங்கள் அவர் பிறந்தநாளுக்குத் திடீர் ஏற்பாடு செய்துவிட்டோம். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மேஜைக்கடியில் ஒளிந்துகொண்டு, அவர் கதவைத் திறந்ததும் எழுந்து நின்று கத்தினோம். அவர் எங்களைவிட உரக்கக் கத்தினார். முன்னால் நின்றவன் நான். கையிலிருந்த சாப்பாட்டுப் பையால் எனக்கு ஒன்று விழுந்தது, உள்ளே ரசம் இருந்தது. "சொல்லாம கொள்ளாம கேக் வெட்டறது இன்னா பயக்கம்?" என்றவர் கேக்கைத் தொடவில்லை, இரண்டு நாள் என்னிடம் பேசவும் இல்லை. அடுத்த வருஷம் புத்தி வந்து, ஒரு வாரத்துக்கு முன்பே சொன்னோம்: "அக்கா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு சர்ப்ரைஸ்." அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகையோடு வந்தார். விளக்கு அணைந்து எரிந்ததும் அவர் காட்டிய ஆச்சரியத்தைப் போல ஒன்றை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

எனக்கு பஸ் தவறிப்போகும் நாட்களில் பூந்தமல்லியில் என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொள்வார். "லெப்ட்டு திரும்பறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இண்டிகேட்டரையும் போட்டு, கையையும் காட்டிவிட்டுத்தான் திரும்புவார். வானகரம் தாண்டி ஒரு நாள் தண்ணீர் கேன் வண்டி ஒன்று கை காட்டாமல் குறுக்கே திரும்பியது. அக்கா அதைத் துரத்திக்கொண்டு போய் சிக்னலில் பிடித்தார். டிரைவர் சண்டைக்குத் தயாராகக் கண்ணாடியை இறக்கினார். "அண்ணாத்தே, நீ எங்க வேணா திரும்பு. ரோடு உங்கூட்டு ரோடாவே இருக்கட்டும். கைய மட்டும் காட்டிட்டுத் திரும்பு" என்றார் அக்கா. பச்சை விழுந்ததும் அந்த ஆள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டிவிட்டு நேராகப் போனார்.

இதற்கெல்லாம் பின்னால் ஏதாவது பெரிய கதை இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. யாரோ சொல்லாமல் போயிருப்பார்கள், ஏதோ திடீரென்று நடந்திருக்கும். ஒருநாள் கேட்டே விட்டேன். அக்கா சிரித்துவிட்டார். "கத இன்னா கத? எனக்குக் கத்திரிக்காவும் புடிக்காது. அதுக்கும் எதுனா கத வெச்சிகினு கீறியா?" என்றார். அத்தோடு அந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டேன்.

இனி கொக்கிக்காரனுக்கு வருகிறேன்.

போன் ஆட்டங்களில் வந்த பணத்தைப் போட்டு நாங்கள் சொந்தமாக ஒரு பெரிய ஆக்‌ஷன் கேம் செய்துகொண்டிருந்தோம். கத்தியும் கேடயமும் வைத்த ஒருத்தி இடிந்த தொழிற்சாலைகள் வழியாகச் சண்டை போட்டுக்கொண்டே போவாள். எதிரி அடிக்கும் சரியான நொடியில் பட்டனை அழுத்தினால் அடி தடுக்கப்படும், முந்தினாலும் பிந்தினாலும் விழும். முதல் வாசலில் நிற்பவன் கொக்கிக்காரன். பாடி மேம்பாலத்தின் மேல் பஸ் நின்ற ஒரு நாள், கீழே ஒரு பழைய தொழிற்சாலையின் கிரேனில் தொங்கிய இரும்புக் கொக்கியைப் பார்த்துத்தான் எனக்கு அவன் தோன்றினான். ஆறடிச் சங்கிலி, நுனியில் கொக்கி, கதவை அடைக்கிற முதுகு. அவன் ஒவ்வொரு அசைவும் நான் செய்தது. ஒன்றரை வருஷம் அவனோடு குடும்பம் நடத்தினேன் என்றே சொல்லலாம்.

எங்கள் நிறுவனத்தைத் தொடங்கியவரை நாங்கள் சார் என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர், பயந்த சுபாவம். கையிலிருந்த பணம் தீர்ந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு வெளியீட்டு நிறுவனம் ஒன்று எங்கள் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வருகிற புதன்கிழமை அவர்கள் ஆள் ஒருவர் கொக்கிக்காரனோடு ஆடிப்பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் ஆட்டம் வெளிவரும். பிடிக்காவிட்டால் ஆபீஸை மூட வேண்டியதுதான் என்று சார் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். சொன்னதற்காக அக்கா அவருக்கு நன்றி சொன்னார்.

அதற்கு முன்னால் வெளியாட்களுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க, சனிக்கிழமை சிலரை ஆடக் கூப்பிட்டோம். பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள், என் ஃப்ளாட்டில் இருக்கும் ஐ.டி. ஆட்கள், அவர்களுடைய நண்பர்கள். எல்லோரும் ஆர்வமாக வந்தார்கள். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், செத்தார்கள்.

"கிராஃபிக்ஸ் மெர்சல்ணா. ஆனா இவன் ஆளா லாரியா?" என்றான் ஒருவன். இன்னொருவன் கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து பட்டன் ஒட்டுகிறது என்றான். என் ஃப்ளாட் நண்பன் நாகரிகமாக, "ஆபீஸ்ல வாங்கறது பத்தாதா மச்சான், சனிக்கிழமையும் வாங்கணுமா?" என்று எழுந்துகொண்டான். ஒரு பெண் கதை ரொம்ப நல்லாயிருக்கு என்றாள். கதை கொக்கிக்காரனைத் தாண்டித்தான் ஆரம்பிக்கும், அவள் தாண்டவில்லை. குடுமி வைத்த ஒரு பையன்தான் எல்லோருக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னான். "இது கேம் இல்ல மாமே. முன்விரோதம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே போகும்போது சார் ஒவ்வொருவரிடமும் எப்படி இருந்தது என்று கேட்டார். எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை, கஷ்டம். சார் என் பக்கம் திரும்பினார். "அடியைப் பாதியா கொறைச்சிடலாம்பா. வேகத்தையும் கொறைச்சிடு. புதன்கிழமை அவரும் இப்படி எழுந்து போயிட்டா நாம அவ்வளவுதான்." அடியும் வேகமும் பாதியானால் அவன் கொக்கிக்காரனே அல்ல, கொடியில் துணி காயப்போடுகிறவன். அதைச் சொல்லத் தொண்டை வரை வந்தது. பத்துப் பேர் வேலை அதில் இருக்கும்போது எப்படிச் சொல்ல?

அப்போதுதான் அக்கா, "நான் இன்னும் ஆடல நைனா" என்றார்.

உண்மைதான். புது ஆட்டத்தை முதன்முதலாகப் பார்க்கும் கண் ஒருவருக்கு ஒரு தடவைதான் இருக்கும். கடைசி வரை அவர் கண் கெடக் கூடாதென்று சார் இத்தனை நாள் அவரை அந்தப் பக்கமே விடவில்லை. அக்கா வந்து உட்கார்ந்தார், "ஆரம்பிக்கறேன்" என்றார், ஆரம்பித்தார். கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

கொக்கி வந்து விழுந்தது. செத்தார். மறுபடி ஆரம்பித்து மறுபடி சும்மா இருந்தார். செத்தார். படியிறங்கப் போன பையன்கள் திரும்பி வந்து, "அக்கா பட்டன அமுக்குங்க! அமுக்குங்க!" என்று கத்தினார்கள். அவருக்கு ஆடத் தெரியவில்லை என்று நினைத்துக் குடுமிப் பையன் எந்தப் பட்டன் என்று கையை நீட்டிக் காட்டினான். "இருடா. அவன் இன்னா சொல்றான்னு கேட்டுகினு கீறேன்" என்றார் அக்கா.

அப்படியே ஒரு பட்டனையும் தொடாமல் செத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று அவர் முகத்தைத்தான் பார்த்தேன். ரசிக்கிறார். "தோ பாரு, தோள தூக்கறான், மேலேர்ந்து வரப்போவுது. இப்ப கால மாத்தறான், சைடுல வரும். அழகா சொல்றான்யா" என்று தன்னைக் கொல்கிறவனைப் பாராட்டிக்கொண்டே செத்தார். ஒன்றரை வருஷமாக என் வேலையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க ஏசியைப் பார்த்தேன்.

பிறகு கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். முதல் அடி வந்தது, தடுத்தார். இரண்டாவது, தடுத்தார். மூன்றாவதும். பையன்கள் கிட்டே வந்து நின்றார்கள். நாலாவது அடி அவர் நெஞ்சில் விழுந்தது. மறுபடி மூன்றைத் தடுத்தார், நாலாவது விழுந்தது. அவர் முகம் மாறியது. கேக்கைப் பார்த்த அன்றைக்கு இருந்த அதே முகம். கன்ட்ரோலரை மேஜையில் வைத்தார்.

"இவன் ஏமாத்தறான்" என்றார்.

"இல்லீங்கக்கா. நாலாவதுக்கும் சொல்றானுங்க. இடது கையில சங்கிலியைச் சுத்துவான். அதுக்கு மட்டும் நான் ரெண்டு மாசம் வேலை செஞ்சிருக்கேன்."

"எங்க சுத்தறான்?"

காட்ட வந்தேன். அவர் எழுந்து அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். கொக்கிக்காரன் எதிரே நின்றான். மூன்று அடி அடித்தான். நாலாவதுக்கு முன்னால் அவன் இடது கை சங்கிலியைச் சுற்றியதா என்று பார்த்தேன். சுற்றியிருப்பான். ஆனால் எதிரே நிற்பவருக்கு அவன் மார்பும் வயிறும்தான் தெரிந்தன. கை, கதவை அடைக்கிற அந்த முதுகுக்குப் பின்னால் இருந்தது. அனிமேஷன் வேலையில் உருவத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு அசைப்பது என் பழக்கம். பக்கவாட்டில் அந்தச் சுழற்சி அவ்வளவு அழகு. எதிரே நின்று அடி வாங்குகிறவனின் இடத்திலிருந்து நான் அதைப் பார்க்கவே இல்லை.

"கைய காட்டறான் நைனா. முதுவுக்குப் பின்னாடி காட்டறான்" என்றார் அக்கா. "அந்தப் பசங்க கஸ்டம் கஸ்டம்னு சொன்னாங்களே, அது கஸ்டம் இல்ல. சொல்லாம அடிக்கிறான், அத்த இன்னான்னு சொல்லத் தெரியாம கஸ்டம்னு சொல்லிட்டுப் பூட்டாங்க."

சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அக்கா, இருக்கறது மூணு நாள். அசைவை மாத்தி, அது வேற எங்கயாவது உடைஞ்சா? அடியைக் கொறைக்கிறது ஒரு நிமிஷ வேலை. அதான் பத்திரம்."

"பாதியா அடிச்சா சொல்லிட்டு அடிச்ச மாதிரி ஆயிடுமா?"

"போச்சுன்னா எல்லாருக்கும் போகும் அக்கா."

"எனக்குந்தான் போவும். எங்கூட்டுக்காரரு கம்பெனி வாரத்துல பாதி நாள்தான் ஓடுது. ரெண்டு பொண்ணுங்க படிச்சிகினு கீதுங்க. எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன். அடிய கொறைக்காத. வேகத்த கொறைக்காத. நாலாவது அடிக்கு முன்னாடி அவன் கைய வெளிய எடுத்துக் காட்டட்டும். அதுக்கப்புறம் எவ்ளோ வேணா அடிக்கட்டும்."

சாருக்குப் பயம் போகவில்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் என்னிடம், "செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். முடியுமா என்று எனக்குத் தெரியாது.

ஞாயிறும் திங்களும் நான் பக்கவாட்டுப் பார்வையை மூடிவிட்டு, எதிரே நின்றுதான் வேலை செய்தேன். மூன்றாவது அடி முடிந்ததும் கொக்கிக்காரன் இடுப்பைக் கொஞ்சம் திருப்பும்படி செய்தேன். இடது முழங்கை விலாவுக்கு வெளியே வந்தது. சங்கிலி சுற்றும்போது அதில் வெளிச்சம் ஒரு கணம் பட்டது. அவ்வளவுதான் மாற்றம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் குடுமிப் பையனை மறுபடி கூப்பிட்டோம். "திரும்பவும் அடி வாங்கணுமாண்ணா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். வாங்கினான். சனிக்கிழமை எத்தனை முறை செத்தானோ அதற்குக் குறையாமல் செத்தான். நாலாவது அடி கடைசியாக அவனை வீழ்த்தியபோது தலையைப் பின்னால் சாய்த்து ஒரே சிரிப்பு. "சொன்னான்ணா. நாந்தான் கேக்கல" என்றான். மாற்றம் என்ன என்று அதுவரை யாரும் அவனுக்குச் சொல்லவும் இல்லை.

புதன்கிழமை வெளிநாட்டு ஆள் வீடியோ அழைப்பில் வந்தார். அவர் ஆடுவது எங்கள் பெரிய திரையில் தெரிந்தது, ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் அவர் முகம். ஐம்பது வயது இருக்கும். சார் ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்லி வரவேற்றார். நாங்கள் எல்லோரும் பின்னால் சுவரோடு சுவராக நின்றோம்.

முதலில் பேசிக்கொண்டே ஆடினார். தொழிற்சாலை நன்றாக இருக்கிறது, ஒலி நன்றாக இருக்கிறது. கொக்கிக்காரன் முன்னால் வந்ததும் இன்னும் இரண்டு வார்த்தை பேசினார், செத்தார். மறுபடி செத்தார். பேச்சு குறைந்தது. மறுபடி. இப்போது பேச்சே இல்லை. சார் மெதுவாக என் காதில், "பாதியா கொறைச்சிருக்கணும்பா" என்றார். அந்த மனிதர் மூன்று அடியைத் தடுத்துவிட்டார், நாலாவதில் விழுந்தார். ஏதோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நாற்காலியில் பின்னால் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். எழுந்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன். சார் பேச வாயெடுத்தார்.

அக்கா சாரின் தோளைத் தொட்டு வேண்டாம் என்று தலையசைத்தார்.

திரையில் அந்த மனிதர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார் போலிருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு மறுபடியும் ஆட்டத்தைத் தொடங்கினார். செத்தார். உடனே தொடங்கினார்.

அக்கா சுவரை விட்டு வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாருக்கும் டீ சொல்லு நைனா. இந்த ஆளு இப்ப எய்ந்துக்க மாட்டாரு."